கரை எவ்வளவு நகர்ந்தது? பழைய வரைபடமா, வான்வழிப் படமா, செயற்கைக்கோளா

கடற்கரையின் நெடுங்கால மாற்றத்தை அளக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் திணறி நிற்கும் இடம், எந்தத் தரவை எடுப்பது என்பதுதான். நூறாண்டுப் பழைய நிலவரைபடம் கிடைத்திருக்கும். ஆனால் அதில் கரை ஒரு தடித்த மைக்கோடு. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் இலவசம். ஆனால் ஒரு பிக்சலே 30 மீட்டர். வணிகச் செயற்கைக்கோள் படத்தில் கரையில் நிற்கும் படகுகளை எண்ணிவிடலாம்; ஆனால் அந்த வகைப் படங்கள் 1999-க்கு முன்னால் இல்லவே இல்லை.

இவற்றில் எது துல்லியமானது என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு: என் கரை நகரும் வேகத்தை இந்தத் தரவால் பிரித்துச் சொல்ல முடியுமா? இப்படிக் கேட்டுப் பார்த்தால் மங்கலான படம் வெல்லும் இடங்களும், கூர்மையான படம் கைவிடும் இடங்களும் தெரியவரும்.

தேர்வுக்கு முன் முடிவு செய்ய வேண்டியவை

முதலில், எதைக் கரை என்று கொள்வது? நீர் நிற்கும் இடம் அலைக்கு அலை மாறுவது. அதனால் ஏதாவது ஓர் அடையாளக் கோட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது: உயர் ஓதம் (கடல்மட்டம் அன்றாடம் ஏறி இறங்குவதில் ஏறிய நிலை) மணலில் விட்டுப்போகும் ஈரக் கோடு, செடிகொடிகள் தொடங்கும் விளிம்பு, செங்குத்துக் கரையின் மேல்விளிம்பு, அல்லது படம் எடுத்த நொடியில் நீர் இருந்த இடம். ஒரே கடற்கரையில் இவை ஒன்றுக்கொன்று பல பத்து மீட்டர் தள்ளி இருக்கலாம். ஓதத்தின் ஏற்ற இறக்கம் 2 மீட்டர், மணற்சரிவு 50-க்கு 1 என்று வைத்துக்கொண்டால், உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் இடையே நீர்க்கோடு 100 மீட்டர் நகர்கிறது. சரிவு 10-க்கு 1 என்றால் அதே ஓதத்தில் நகர்வது 20 மீட்டர்தான். தட்டையான கரை ஒன்றில் 1950-ஆம் ஆண்டின் உயர் ஓதக் கோட்டோடு 2020-ஆம் ஆண்டின் தாழ் ஓத நீர்க்கோட்டை ஒப்பிட்டால், ஒரு மணலும் சேராமலே கரை 100 மீட்டர் வளர்ந்துவிட்டதாகக் கணக்கு வரும்.

பருவமும் இதே போலத்தான். புயல் பருவம் முடிந்த கையோடு கரை ஒடுங்கியிருக்கும்; அமைதியான மாதங்களில் மணல் திரும்பி வந்து அகலமாகும். எந்தத் தரவானாலும் ஒரே பருவத்துப் படங்களையே ஒப்பிட வேண்டும்.

அடுத்து பிழைக் கணக்கு. ஒவ்வொரு கரைக்கோட்டிலும் பல பிழைகள் சேர்ந்திருக்கின்றன: மூலப் படத்தின் பிழை, படத்தைப் புவி ஆயங்களோடு (அட்சரேகை, தீர்க்கரேகை போன்ற இட எண்கள்) பொருத்தியதன் பிழை, ஓதத்தால் வந்தது, கோடு வரைந்த கையால் வந்தது. இவற்றைத் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அந்தக் கோட்டின் மொத்தப் பிழை. இரண்டு கோடுகளின் பிழைகளையும் அதே வழியில் சேர்த்து, இடையிலுள்ள ஆண்டுகளால் வகுத்தால் வேகத்தின் பிழை. அதைவிடக் குறைந்த வேகத்தைப் பற்றி அந்த இரண்டு கோடுகளாலும் எதுவும் சொல்ல முடியாது.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். 1950-ஆம் ஆண்டு அளவிட்ட 1:50,000 வரைபடம் ஒன்று. கோட்டின் பிழை 25 மீட்டர், பொருத்தியதில் 15, ஓதமும் கையும் சேர்ந்து 10. மொத்தம் ஏறத்தாழ 31 மீட்டர். அதனோடு ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் 2020-இல் எடுத்த படம். பொருத்தத்தில் 5, ஓதத்தில் 10, மொத்தம் 11. இரண்டும் சேர்ந்து 33 மீட்டர். 70 ஆண்டுகளால் வகுத்தால், வேகத்தின் பிழை ஆண்டுக்கு 0.47 மீட்டர்.

இப்போது வரைபடத்தை ஒதுக்கிவிட்டு, 2016, 2024 என்று இரண்டு சென்டினல் படங்களை மட்டும் எடுங்கள். பிழை 16 மீட்டர், பாதியாகக் குறைந்துவிட்டது. ஆனால் இடைவெளி 8 ஆண்டுகள்தான். வேகத்தின் பிழை ஆண்டுக்கு 2 மீட்டர். ஆண்டுக்கு ஒரு மீட்டர் அரிக்கப்படும் கரையை அந்த மங்கலான வரைபடம் காட்டிக்கொடுக்கும். இரண்டு கூர்மையான படங்களும் காட்டாது. எந்த மென்பொருளையும் திறப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

பழைய நிலவரைபடங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை பின்னோக்கிச் செல்லக் கூடியவை இவை மட்டுமே. ஆனால் ‘பழைய வரைபடம்’ என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடக் கூடாது. அமெரிக்கக் கரையோர அளவைத் துறை 1830-களிலிருந்து தயாரித்த கரைத் தாள்கள் பெரும்பாலும் 1:10,000, 1:20,000 அளவுத்திட்டத்தில் இருக்கின்றன. அளவையாளர்கள் கரையோடு நடந்து, மணலில் தெரிந்த உயர் ஓதக் கோட்டை அங்கேயே தாளில் குறித்தார்கள். 1:50,000 தாள் அப்படியல்ல. அது பொதுப் பயன்பாட்டுக்கானது, கரை அதில் ஓர் எல்லைக்கோடு மட்டுமே. அமெரிக்காவின் 1947-ஆம் ஆண்டு வரைபடத் துல்லிய நெறி, 1:20,000-உம் அதைவிடச் சிறியதுமான அளவுத்திட்டங்களில், தெளிவான புள்ளிகளில் பத்தில் ஒன்பது ஓர் அங்குலத்தின் ஐம்பதில் ஒரு பங்குக்குள் அமைய வேண்டும் என்கிறது. அதாவது சுமார் அரை மில்லிமீட்டர். அந்த அரை மில்லிமீட்டர் 1:20,000 தாளில் 10 மீட்டர், 1:50,000 தாளில் 25 மீட்டர், ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற பழைய தாளில் 32 மீட்டர்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம். முதலாவது, ஆண்டு. தாளின் தலைப்பில் இருப்பது பெரும்பாலும் பதிப்பித்த ஆண்டு. கீழ் ஓரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தால், எப்போது அளவிடப்பட்டது, எந்தெந்தப் பகுதி எப்போது திருத்தப்பட்டது என்று சிறிய எழுத்தில் இருக்கும். சாலையையும் ரயில் பாதையையும் திருத்தியவர்கள் கரையைத் தொடாமலே விட்டிருக்கலாம். இருபது ஆண்டு தவறினால் வேகமும் அதற்கேற்பத் தவறும். இதை எந்த மென்பொருளும் எச்சரிக்காது.

இரண்டாவது, தாள். காகிதம் ஈரத்தில் விரியும், உலர்ந்தால் சுருங்கும். நீளத்திலும் அகலத்திலும் ஒரே விகிதத்தில் அல்ல. நகலின் நகலை ஸ்கேன் செய்தால் அதன் கோணல் வேறு சேரும். கட்டக் கோடுகளுக்கு இடையிலான தூரத்தை நான்கு மூலைகளிலும் அளந்து பார்த்தாலே தாளின் உடல்நிலை தெரிந்துவிடும்.

மூன்றாவது, பொருத்தம். பழைய தாள்கள் அந்தந்த நாட்டின் பழைய புவி ஆதாரத்தின் (ஆயங்களை எண்ண அடிப்படையாகும் சட்டகம்) மேல் வரையப்பட்டவை. இன்றைய ஜிபிஎஸ் ஆதாரத்துக்கு மாற்றாமல் மேலடுக்கினால் நூற்றுக்கணக்கான மீட்டர்கூட விலகும். கரை மட்டுமல்லாமல் உள்நாட்டுச் சாலைச் சந்திப்புகளும் ஒரே திசையில் ஒரே அளவு தள்ளியிருந்தால் அது கடலரிப்பு அல்ல, ஆதாரக் குழப்பம். கட்டுப்பாட்டுப் புள்ளிகளில் (தாளிலும் இன்றைய தரையிலும் அடையாளம் கண்டு பொருத்தும் இடங்கள்) இன்னொரு சிக்கல் இருக்கிறது: கலங்கரை விளக்கம், பாலத்தின் முனை, சாலைச் சந்திப்பு எல்லாமே நிலத்தின் பக்கம் இருக்கின்றன, கடலின் பக்கம் எதுவும் இல்லை. ஆகவே பொருத்தம் மிகவும் பலவீனமாக இருக்கும் இடமே நாம் அளக்கப்போகும் கரை. உயர்படிச் சமன்பாடுகளைப் போட்டால் புள்ளிகளில் பிழை அழகாகக் குறைந்து காட்டும். கரையோ ரப்பர் போல இழுபடும். எளிய நேரியல் மாற்றமே போதும். நான்கைந்து புள்ளிகளைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்து, அவற்றில் வரும் பிழையையே உண்மைப் பிழையாகக் கொள்வதுதான் நேர்மையான வழி.

மாலுமிகளுக்கான கடல்வழி வரைபடங்களைக் கரைக்கோட்டுக்குக் கடைசித் தேர்வாகவே வைப்பேன். அவை கப்பல் தரை தட்டாமல் இருப்பதற்காக வரையப்பட்டவை. ஆழங்கள் தாழ் ஓதத்தை ஒட்டியவை. கரைக்கோடு பல சமயம் பழைய பதிப்பிலிருந்து அப்படியே வந்தது. முகத்துவாரம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, மணல்திட்டு இருந்ததா என்று அறிய மட்டும் நன்று.

ஆற்று முகத்துவாரம், டெல்டா, மணல்நாக்கு போல நூற்றுக்கணக்கான மீட்டர் நகரும் இடங்களிலும், செயற்கைக்கோள்களுக்கு முன்பே துறைமுகம் கட்டப்பட்ட இடங்களிலும் வரைபடத்துக்கு மாற்று கிடையாது. ஆண்டுக்குச் சில அங்குலம் தேயும் பாறைக் கரைக்கு அது பயன்படாது.

வான்வழிப் படங்கள்

என் கணிப்பில், கிடைக்குமானால் இதுவே மிகச் சிறந்த பழைய ஆதாரம். 1:20,000 படத்தை அங்குலத்துக்கு 1,200 புள்ளிகள் வீதம் ஸ்கேன் செய்தால் ஒரு பிக்சல் தரையில் ஏறத்தாழ 42 சென்டிமீட்டர். ஈரக் கோடு, செடி விளிம்பு, செங்குத்துக் கரையின் மேல்விளிம்பு மூன்றுமே தெரியும். யாரோ ஒருவர் வரைந்த கோட்டை நம்ப வேண்டியதில்லை, கோட்டை நாமே தேர்ந்தெடுக்கலாம். பல அளவைப் படங்களின் ஓரத்தில் ஒரு சிறிய கடிகாரமும் உயரமானியும் பதிவாகியிருக்கும். அந்தக் கடிகாரத்தின் முள்ளைப் படித்தால் அந்த நேரத்து ஓதம் எவ்வளவு என்று கணித்துவிடலாம். ஓரத்தை வெட்டிவிட்டு ஸ்கேன் செய்து தருகிறவர்களிடம் முழுச் சட்டத்தையும் கேட்டு வாங்குங்கள்.

உழைப்புதான் விலை. விமானம் சாய்ந்த கோணம், லென்ஸின் வளைவு, நிலத்தின் மேடுபள்ளம் எல்லாம் சேர்ந்து படத்தின் ஓரங்களை இழுத்துவிடும். இந்த இழுப்பை நீக்கும் நேர்நிலைத் திருத்தம் செய்ய நிலத்தின் உயர மாதிரியும் கேமரா விவரங்களும் வேண்டும். பழைய படங்களுக்குக் கேமரா விவரம் தொலைந்திருப்பது சகஜம். தட்டையான மணற்கரை என்றால் படத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துச் சமாளிக்கலாம். உயரமான செங்குத்துக் கரை என்றால் திருத்தம் இல்லாமல் தொடவே கூடாது. பல நாடுகளில் பழைய வான்வழிப் படங்கள் ராணுவ அனுமதிக்கு உட்பட்டவை. கேட்டு வாங்க மாதங்கள் ஆகலாம்.

அனுமதி கிடைக்காதவர்களுக்கு ஒரு பக்கவாசல் உண்டு. 1960 முதல் 1972 வரை அமெரிக்கா பறக்கவிட்ட கொரோனா உளவுச் செயற்கைக்கோள்களின் படங்கள் 1995-இல் பொதுவெளிக்கு வந்தன. அக்காலத்து உளவுப் படங்களாக அப்போது வெளியானவை 8.6 லட்சத்துக்கும் மேல். பிற்காலக் கொரோனா கேமராக்களின் கூர்மை ஏறத்தாழ 1.8 மீட்டர். கேமரா பக்கவாட்டில் சுழன்று எடுத்ததால் நீண்ட படச்சுருளின் இரு முனைகளும் வளைந்திருக்கும். துண்டு துண்டாகப் பிரித்துப் பொருத்த வேண்டும். 1960-களின் நிலையை அறிய வேறு வழியில்லாத கரைகளுக்கு இந்தச் சிரமம் தகும்.

லேண்ட்சாட், சென்டினல்-2

முதல் லேண்ட்சாட் 1972 ஜூலையில் ஏவப்பட்டது. அதன் படங்கள் சுமார் 80 மீட்டர் கூர்மை கொண்டவை. கரை வேலைக்கு அவ்வளவாக உதவாது. 1980-களில் 30 மீட்டர் கருவி வந்தது. 1984-இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 5-இலிருந்துதான் நீண்ட சீரான தொடர் கிடைக்கிறது. 16 நாளுக்கு ஒருமுறை அதே இடத்தைக் கடக்கும். 2008 முதல் படங்கள் எல்லோருக்கும் இலவசம். 2015-இல் சென்டினல்-2 வந்தது. 10 மீட்டர் பிக்சல், 2017-இல் இரண்டாவது துணைக்கோள் சேர்ந்தபின் ஐந்து நாளுக்கு ஒரு படம்.

30 மீட்டர் பிக்சலைக் கண்டு பின்வாங்க வேண்டாம். நீரும் மணலும் கலந்த பிக்சலின் பிரகாசம் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். அந்த விகிதத்தைக் கொண்டு கோட்டைப் பிக்சலுக்குள்ளேயே நிறுத்தலாம். 2019-இல் வெளியான கோஸ்ட்சாட் என்ற இலவசக் கருவி இப்படித்தான் செய்கிறது. ஏறத்தாழ 10 மீட்டர் துல்லியம் கிடைக்கிறது. எண்ணிக்கைதான் இந்தத் தரவின் பெரும்பலம். இரண்டே படங்களை ஒப்பிட்டால் முன்னே பார்த்த ஆண்டுக்கு 2 மீட்டர் பிழை அப்படியே நிற்கும். முந்நூறு படங்களில் எடுத்த கோடுகளுக்கு நேர்கோடு பொருத்தினால் ஓதமும் அலையும் தந்த சிதறல் பெருமளவு ஒன்றையொன்று ரத்துசெய்துகொள்ளும். 1984 முதல் 2016 வரையிலான படங்களைக் கொண்டு உலக மணற்கரைகள் முழுவதையும் அளந்த 2018-ஆம் ஆண்டு ஆய்வு இந்த வழியில்தான் வந்தது: 24 சதவீதம் ஆண்டுக்கு அரை மீட்டருக்கு மேல் அரிக்கப்படுகிறது, 28 சதவீதம் வளர்கிறது, 48 சதவீதம் நிலையாக இருக்கிறது.

இதிலும் பொறிகள் உண்டு. இந்தச் செயற்கைக்கோள்கள் எப்போதும் உள்ளூர் நேரம் முற்பகல் பத்து மணியை ஒட்டியே கடக்கின்றன. ஓதத்தில் சூரியனால் வரும் 12 மணி நேரக் கூறு அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே கட்டத்தில் அகப்படுகிறது. சில கரைகளில் மிக உயர்ந்த ஓதத்தையோ மிகத் தாழ்ந்ததையோ செயற்கைக்கோள் பார்ப்பதே இல்லை. ஓத உயரத்தை மணற்சரிவால் வகுத்துக் கோட்டை நகர்த்தும் திருத்தம் செய்யலாம். அதற்கு அந்தக் கரையின் சரிவு தெரிய வேண்டும். உடைந்த அலையின் வெண்நுரை மணல்போலத் தெரியும். கலங்கிய முகத்துவார நீரை நீர்க்குறியீடு (படத்தின் நிறப் பட்டைகளைக் கொண்டு நீரைப் பிரிக்கும் கணக்கு) நிலம் என்று எண்ணும். குற்றலை அகச்சிவப்புப் பட்டையைப் பயன்படுத்தும் திருத்தப்பட்ட குறியீடு பொதுவாகக் கலங்கல் நீரில் மேலானது. மேகம் நிறைந்த மாதங்கள் தொடரில் காலியாகவே இருக்கும், பெரும்பாலும் அரிப்பு நடக்கும் மாதங்களும் அவைதாம். லேண்ட்சாட் 7-இன் படங்களில் 2003 மே 31-க்குப் பிறகு கருவிக் கோளாறால் ஒவ்வொரு படத்திலும் சுமார் 22 சதவீதம் வரிவரியாகக் காணாமல் போயிருக்கும். படத்தின் ஓரத்தில் உங்கள் கரை வந்தால் அந்த வரிகளைக் கரை என்று கருவி வரைந்துவிடக் கூடும்.

சேற்றுக்கரை, அலையாத்திக் காடு என்றால் நீர்க்கோட்டை விட்டுவிட்டுத் தாவர விளிம்பைப் பின்பற்றுங்கள். அங்கே நீர்க்கோடு கிலோமீட்டர் கணக்கில் அலைவது இயல்பு.

வணிகப் படங்கள்

ஒரு மீட்டரும் அதற்குக் கீழும் கூர்மை. 1999-இல் ஐகோனாஸ் தொடங்கி வைத்தது. குறுகிய கரை, புதிய தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பு) ஒன்றின் இரு பக்கங்கள், ஒரு குடியிருப்பின் முன்னால் உள்ள மணல் போன்ற சிறு இடங்களுக்கு ஏற்றது. பரப்பு கூடக் கூடச் செலவு ஏறும். கூகுள் எர்த்தில் பழைய தேதிகளுக்குப் போய்ப் பார்ப்பது வசதிதான். ஆனால் வெவ்வேறு தேதிப் படங்கள் ஒன்றுக்கொன்று சில மீட்டர் விலகியிருக்கும். மாறாத ஒரு கட்டடத்தின் அடித்தளத்தை (கூரையை அல்ல, கூரை பார்வைக் கோணத்தால் சாயும்) ஒவ்வொரு தேதியிலும் குறித்து, விலகலைக் கழித்துவிட்டு அளங்கள்.

ஒரே பார்வையில்

| தரவு | எதுவரை பின்னோக்கி | ஒரு கோட்டின் உத்தேசப் பிழை | மறைவான செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| பெரிய அளவுத்திட்ட வரைபடம் (1:10,000) | 1830-கள் | 10 மீட்டர் | தாள் நிலை, ஆதார மாற்றம் | நூற்றாண்டு மாற்றம் |
| சிறிய அளவுத்திட்ட வரைபடம் (1:50,000) | நாட்டுக்கு நாடு மாறும் | 30 மீட்டர் | அளவிட்ட ஆண்டு, பொருத்தம் | டெல்டா, முகத்துவாரம் |
| வான்வழிப் படம் | 1930-கள், 40-கள் | சில மீட்டர் | அனுமதி, நேர்நிலைத் திருத்தம் | செங்குத்துக் கரை, மெதுவான அரிப்பு |
| கொரோனா | 1960 | 5 முதல் 10 மீட்டர் | படச்சுருள் வளைவு | 1960-களின் இடைவெளி |
| லேண்ட்சாட், சென்டினல்-2 | 1984 | 10 முதல் 15 மீட்டர் | ஓதம், நுரை, மேகம் | நீளமான மணற்கரை |
| வணிகப் படம் | 1999 | சில மீட்டர் | பணம், குறைந்த தேதிகள் | சிறிய இடம், அண்மைக் காலம் |

பிழை நிரலில் உள்ளவை திட்டமிட உதவும் உத்தேச அளவுகள்தான். உங்கள் ஓதமும் சரிவும் அவற்றை மாற்றும்.

வேகத்தைக் கணக்கிடும் முறை

தரவைத் தேர்ந்தபின் இன்னொரு தேர்வு பாக்கி இருக்கிறது. அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் டிஎஸ்ஏஎஸ் போன்ற கருவிகள், கரைக்கு இணையாக ஓர் அடிக்கோடு போட்டு, அதிலிருந்து குறிப்பிட்ட இடைவெளியில் குறுக்குக் கோடுகளை வீசி, ஒவ்வொன்றிலும் கரைக்கோடுகள் வெட்டும் இடங்களை எடுத்துக்கொள்கின்றன. பிறகு இரண்டு வழிகள். முதல் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் உள்ள தூரத்தை ஆண்டுகளால் வகுப்பது இருமுனை வேகம். எல்லாக் கோடுகளுக்கும் நேர்கோடு பொருத்திச் சாய்வை எடுப்பது இரண்டாவது.

ஒரு வரைபடமும் ஒரு படமும் மட்டுமே இருந்தால் இருமுனை வேகம்தான் வழி. கோடுகள் ஐந்தாறு இருந்தாலே நேர்கோட்டுப் பொருத்தம் நல்லது. வரைபடத்தையும் செயற்கைக்கோளையும் கலக்கும்போது பிழைக்கேற்ப எடை கொடுத்து (பிழை கூடிய கோட்டுக்குக் குறைந்த எடை) பொருத்தியே ஆக வேண்டும். இல்லையென்றால் 31 மீட்டர் பிழையுள்ள ஒற்றை வரைபடக் கோடு, தொடரின் தொலைமுனையில் உட்கார்ந்துகொண்டு சாய்வையே தன் பக்கம் இழுத்துவிடும்.

எந்த முறையானாலும் முதலில் ஒரு குறுக்குக் கோட்டின் தூரத்தை ஆண்டுவாரியாக வரைந்து கண்ணால் பாருங்கள். துறைமுகத் தடுப்புச் சுவர் கட்டிய பிறகு மணல் வரும் பக்கம் கரை வளர்வதும் மறுபக்கம் அரிக்கப்படுவதும் வழக்கம். சுவருக்கு முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளை ஒரே நேர்கோட்டில் அடைத்தால், 30 ஆண்டு வளர்ந்து 30 ஆண்டு தேய்ந்த கரை ‘நிலையானது’ என்று அறிக்கையில் ஏறிவிடும். கட்டிய ஆண்டில் தொடரை இரண்டாக முறித்துத் தனித்தனி வேகம் கொடுங்கள்.

எந்த நிலைமைக்கு எது

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மணற்கரை, கேள்வி கடந்த நாற்பது ஆண்டுகளைப் பற்றியது என்றால் லேண்ட்சாட் தொடரே போதும். வரைபடம் தேடி அலைவது வீண். அதே கரையில் 1950-களில் துறைமுகம் வந்திருந்தால், கட்டுவதற்கு முந்தைய நிலையைச் சொல்ல வரைபடமோ வான்வழிப் படமோ ஒன்றாவது வேண்டும். செங்குத்துக் கரையின் விளிம்பில் வீடு கட்டலாமா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தால், திருத்தம் செய்த வான்வழிப் படங்களும் இன்றைய லைடார் (லேசர் கதிரால் நிலத்தை அளக்கும் முறை) அளவீடும் தேவை. வேறு எதையும் காட்டி யாராவது வேகம் சொன்னால் பிழை எவ்வளவு என்று கேளுங்கள். டெல்டாவில் எல்லாமே வேலை செய்யும், ஆகவே கையில் எளிதாகக் கிடைப்பதை எடுத்துத் தொடங்கலாம்.

சென்ற மாதப் புயல் எவ்வளவு மணலைக் கொண்டுபோனது என்ற கேள்விக்கு மேலே உள்ள எதுவும் பதில் அல்ல. அதற்குக் கரையில் நிலையான குறிகள் நட்டு, அவற்றிலிருந்து செடி விளிம்புவரையும் ஈரக் கோடுவரையும் மாதாமாதம், ஓத நேரத்தையும் குறித்துக்கொண்டு, நாடாவால் அளக்க வேண்டும். அந்தக் குறிகளின் ஆயங்களை ஒருமுறை துல்லிய ஜிபிஎஸ் கொண்டு எடுத்துவைத்துவிட்டால், அதே அளவீடு செயற்கைக்கோள் கோடுகளைச் சரிபார்க்கவும் உதவும்.